கழுத்துக்குக் கீழே வேறொருத்தி

அக்கா,

உங்கள் கல்வெட்டு என் மேசைமேல் கிடக்கிறது. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்தில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த அந்த நினைவு நூலில் அச்சு மையின் வாசனை இன்னும் போகவில்லை. அட்டையில் உள்ள முகம் உங்களுடையது. இருபத்தைந்து வயது முகம். மேடைப் பூச்சும் தீட்டிய புருவமும் அப்படியே. கழுத்துக்குக் கீழே மட்டும் பட்டுச்சேலை உடுத்த யாரோ ஒருத்தி. அச்சகத்தில் கணினியால் ஒட்டியிருக்கிறார்கள். ஆயுளில் கோட் போட்டறியாத கிழவர்களுக்குக் கோட் மாட்டி வழியனுப்புவது நம்மவர் வழக்கம்தான். உங்களுக்குச் செய்ததோ அலங்காரம் அன்று, மறைப்பு.

உள்ளே, ‘சிறுவயது முதல் தெய்வீகக் கலைகளில் நாட்டம் கொண்டு, ஆலயத் தொண்டிலும் இல்லறத்திலும் தம்மை அர்ப்பணித்தார்’ என்று எழுதியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் நீரிழிவுக்காரர் எவற்றை உண்ணலாம் என்ற அட்டவணைக்கு இடம் இருந்தது. பதினெட்டு ஆண்டுகள் கார்னிவல் மேடைகளில் ஆடிக் குடும்பத்தைக் காத்தீர்களே, அதற்கு ஒரு வரிகூட இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் எதிரெதிரே நின்று பெட்டி அடைத்தோம். நான் பல்கலைக்கழகப் பட்டத்தைச் சூட்கேசுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தவன். உங்கள் சப்பாத்து ஓயாமல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

“காலுக்கு என்ன அக்கா, நோவோ?”

“நோவில்லைத் தம்பி. இந்த மெசின் தாளம் பிசகாமல் ஓடுது. கால் சும்மா நிக்கமாட்டன் எண்ணுது.”

சாப்பாட்டு இடைவேளைகளில் மீதியைச் சொன்னீர்கள். சிரிப்பு மூட்டும் பகிடிக்காரர் இறங்கி, வித்தைக்காரர் ஏறுவதற்கு முன் உங்கள் இரண்டு ஆட்டங்கள். வவுனியாவில் ஒருநாள் இசைத்தட்டு அரை வரியில் சிக்கிச் சுழன்றதாம். ஊசியைத் தூக்கவேண்டியவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அந்த அரை வரிக்கே விதம்விதமாக ஆடி நின்றீர்கள். சனம் அதுவே நிகழ்ச்சி என்று நம்பி இன்னொருதரம் கேட்டது. சிரித்துச் சிரித்துச் சொல்லிவிட்டு, சிரிப்பை நிறுத்திச் சொன்னதையும் மறக்கவில்லை: “மேடைக்கு முன்னாலை நிண்டு விசிலடிச்ச ஆம்பிளையள், அடுத்தநாள் றோட்டிலை கண்டால் காறித் துப்புவினம். ரெண்டும் ஒரே வாய்தான் தம்பி.”

போர் வந்தது; கார்னிவல்கள் நின்றன. வீட்டோடு படங்களும் எரிந்தன. கைப்பைக்குள் தப்பிய ஒன்றை, மினுங்கும் பாவாடையோடு ஒற்றைக்காலில் நிற்கும் அந்தப் படத்தை, என்னிடம் தந்தீர்கள். “எங்கடை வீட்டிலை கண்டால் கிழிச்சுப் போடுவாங்கள். நீர் வைச்சிரும்.”

வைத்திருந்தேன். இந்த வசந்தத்தில், போரை நிறுத்தச் சொல்லி, வீங்கிய கால்களோடு நகர நடுவே சனத்தோடு சனமாக நீங்கள் வீதியோரம் நின்றபோதும் அது என்னிடமே இருந்தது. ஊரில் போர் முடிந்ததென்று அறிவித்த கிழமையில் நீங்கள் இறந்துபோனீர்கள். மிசிசாகாவிலிருந்து உங்கள் மகன் தொலைபேசியில் அழைத்தார்.

“அண்ணை, நீங்கள் படிச்சவர். அம்மாவைப் பற்றி ஒரு குறிப்பு எழுதித் தாங்கோ. நல்ல படம் ஏதும் இருந்தாலும் தாங்கோ.”

நான்கு பக்கம் எழுதினேன். படத்தையும் கொடுத்தேன். நீங்கள் எச்சரித்த அதே வீட்டுக்கு, பெற்ற மகன் என்று நம்பி, பிரதிகூட எடுக்காமல் கொடுத்தேன். அந்த மடமைக்கு நான் ஒருவனே பொறுப்பு.

மூன்றாம் நாள் மறுபடி அழைத்தார். “அங்கை சனம் செத்துக் கிடக்குது. இந்த நேரத்திலை டான்ஸ் கதையோ அண்ணை?”

“உங்கடை அம்மாவின்ரை சீவியம் தம்பி அது.”

பிறகு உண்மை வந்தது. “மகளுக்குச் சம்பந்தம் பேசுறம். மாப்பிள்ளை பகுதிக்கும் ஒரு கல்வெட்டுப் போகும்.”

ஒரு கல்யாணப் பேச்சுக்குக் குறுக்கே உங்கள் கால்கள் தெரியக்கூடாது. அதை மறைக்க, புதைக்க ஆளில்லாமல் கிடந்தவர்களைத் திரையாக இழுத்துவிட்டார். படத்தைத் திருப்பிக் கேட்டேன். “முகத்தை வெட்டி எடுத்தாச்சு. மிச்சத்தை எறிஞ்சுபோட்டன்” என்றார், காய்கறித் தோலைச் சொல்வதுபோல.

கிருத்தியத்தன்று இரண்டு வார்த்தை பேசும்படி என்னை அழைத்தார்கள். எழுந்து சொன்னேன்: “இந்த அம்மா பதினெட்டு வருடம் கார்னிவல் மேடையில் ஆடியவர். நான் சந்தித்த மிகத் திறமையான தொழிலாளி அவர்தான்.” மண்டபத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. உங்கள் மகன் என்னைப் பார்க்கவில்லை. எழுபது கடந்த ஆண்கள் பலர் அங்கே இருந்தார்கள். அத்தனை பேரும் பாயாசக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது அவர்களில் ஒருவர் அருகே வந்து குனிந்தார். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், சால்வையும் சந்தனமுமாக.

“தம்பி, வவுனியாவிலை அவ ஆடேக்கை நான் மூண்டு நாளும் போனனான். என்ன ஆட்டம் தெரியுமோ! இஞ்சை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்.”

மற்றச் சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். படம் என்னிடம் இல்லை. அவர் காதோரம் சொன்னது இருக்கிறது. அதைப் பத்திரப்படுத்தப் போவதில்லை. கேட்பவருக்கும் கேளாதவருக்கும் சொல்லித் திரிவேன். முதலில் உங்களுக்கே சொல்கிறேன்: அவர் மூன்று நாளும் வந்திருந்தார், அக்கா.