ஆந்தைக்கு வைத்திருந்த பிளேட்

என் ஆசை மாமா,

கட்டிய புருஷனுக்குக் கடிதம் எழுதும் வேளை எனக்கு இதுவரை வந்ததில்லை. நீங்கள் என்னை விட்டுப் போனதெல்லாம் ஆந்தை தேடித்தான். எழுதினாலும் தபால் சேருமுன் நீங்களே வந்து நின்று சோறு கேட்பீர்கள். இந்தத் தடவை அப்படி இல்லையாம். எல்லோரும் சொல்கிறார்கள்.

அல்லிநகரத்துக் கடையைத் திறந்துவிட்டேன். ஓடைப்பட்டியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்து, "போட்டோக்காரர் எங்கம்மா போயிருக்காக?" என்று கேட்டார்கள். படம் பிடிக்கிற கண்ணாடிப் பிளேட் இல்லை என்றேன். அது பொய்யும் இல்லை. சீமையில் சண்டை தொடங்கியதிலிருந்து மதுரையிலேயே பிளேட் கிடைப்பதில்லை. நம்மிடம் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் கொம்பன் ஆந்தைக்கு என்று யார் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தீர்கள்.

ஊரே அபசகுனம் என்று கதவைச் சாத்துகிற பறவை உங்களுக்கு மட்டும் என்ன சொக்குப்பொடி போட்டதோ! கேட்டால், "மனுசன் லென்சு மூடியக் கழட்டுனதும் இருமுவான், தும்முவான். இது ஒண்ணுதான்டி நான் சொல்லாமலே அசையாம உக்காந்திருக்கு" என்பீர்கள். சக்களத்தி என்றுதான் அதை நான் ஏசுவேன். நீங்கள் சிரிப்பீர்கள்.

நீங்கள் படம் எடுத்து வருவீர்கள், நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைத் திருத்தி டச்சிங் செய்வேன். மனிதர்கள் என்றால் அம்மைத் தழும்பை மறைக்க வேண்டும். ஆந்தை என்றால் மார்பில் விழுந்த கிளை நிழலைப் பென்சிலால் பூப்போல எடுத்து, இறகுகளைத் தனித்தனியாகத் தெரிய வைக்க வேண்டும். இறந்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்து எடுத்த படங்களும் வரும். மூடிய இமையின் மேல் திறந்த கண்ணை வரைவதும் என் வேலைதான்.

அந்தக் கைப்பழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது! குச்சனூர் வாய்க்கால் கரை மருதமரத்தில் பகல் தூக்கம் போட்ட புள்ளி ஆந்தைக்கும் இரண்டு கண்ணைத் திறந்துவிட்டேன். "அடியே, அது உசுரோட இருக்குடி! தூங்குது!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது. இப்போது அந்தச் சிரிப்பை எங்கே போய்த் தேடுவேன்?

சுருளி அடிவாரத்தில் கொம்பன் ஆந்தை தங்குகிற பாறையைக் கண்டுவிட்டதாகக் குதித்துக்கொண்டு வந்தீர்கள். காமிராவோடு மறுபடி போவதாக இருந்தீர்கள். அதற்குள் குளிர் நடுக்கியது. மலைக்காய்ச்சல் உங்களை எழவே விடவில்லை.

நீங்கள் போன அன்றைக்கே அத்தை ஆந்தைகளைப் பழிக்கத் தொடங்கிவிட்டார்கள். "ஊருல என்ன பேசுறாக தெரியுமா? அந்தச் சனியனுகளப் படம் புடிச்சுத்தான் எம் மவன் போயிட்டானாம். எல்லாத்தயும் ஒடச்சுக் கெணத்துல போடு" என்றார்கள். பெற்ற வயிறு அப்படித்தான் பேசும். ஆனால் உடனே வேறொன்று கேட்டார்கள். "ஊருக்கெல்லாம் படம் எடுத்தானே, அவனுக்குன்னு ஒரு படம் இல்லையே ஆத்தா. கண்ணத் தொறந்து ஒண்ணு போட்டுக் குடு."

உங்களைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, வாசல் வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எடுக்க வேறு யார் இருக்கிறார்கள்? அந்தக் கடைசிப் பிளேட்டை நானே எடுத்து வந்தேன். முதல்முறையாகக் காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். காமிராக் கண்ணாடியில் நீங்கள் தலைகீழாகத் தெரிந்தீர்கள். பிளேட்டைச் செருகி லென்சு மூடியைக் கழற்றும்போது, நீங்கள் எல்லோரிடமும் சொல்வதைப் போலவே, "அசையாம இருங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் புரிந்தது. வாசலில் நின்றவர்கள் ஓவென்று அழுதார்கள்.

படம் கொஞ்சமும் கலங்காமல் வந்திருக்கிறது மாமா. நம் கடையில் இவ்வளவு தெளிவாக ஒரு படம் வந்ததே இல்லை. அதைப் பார்த்துத்தான் நான் நொறுங்கிப்போனேன்.

எத்தனை பேருக்கோ கண் திறந்தவள் உங்களுக்கு வரைய முடியாமல் தவித்தேன். வரைவேன், அழிப்பேன். உங்கள் கண் எப்படி இருக்கும் என்றே மறந்துபோனது. ஒருவழியாக முடித்து அத்தையிடம் கொடுத்தேன். முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள்.

"யாரப் பாக்குறான் ஆத்தா?"

"காமிராவைத்தான் அத்தை."

"காமிராவுக்குப் பின்னால நீதான நின்ன? அப்ப உன்னயத்தான் பாக்குறான்."

அன்றைக்கு என்னைத் தேற்ற யாராலும் முடியவில்லை. நீங்கள் என்னைப் பார்க்கவில்லையே மாமா. அந்தப் பார்வையை நானல்லவா தூரிகையால் வைத்தேன்?

அழுது ஓய்ந்த பிறகு ஆந்தை பிளேட்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விழித்திருக்கிற ஆந்தைகள் எல்லாம் நேராகப் பார்க்கின்றன. எதிரே நீங்கள் நிற்கிறீர்கள், உயிரோடு. அந்தக் கண்களில் நான் கை வைத்ததே இல்லை.

அவற்றில் ஒன்றையும் உடைய விடமாட்டேன். அத்தையின் காலில் விழுந்தாவது காப்பாற்றுவேன். உங்களைப் பார்த்த கண்கள் மாமா அவை. எனக்கு வேறு என்ன இருக்கிறது?

உங்கள் மாமன் மகள், உங்களைக் கட்டியவள்,
பேச்சியம்மாள்