மணிப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஃப்ளூரின் பெயர்

சூரிச், ஞாயிற்றுக்கிழமை

என் மகளாகவே வளர்ந்த உர்சினாவுக்கு, நானும் உன் தம்பி ஃப்ளூரினும் இங்கே மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், கனடாக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய். என் முட்டிவலி போயே போய்விட்டது, டாக்டரே அசந்துவிட்டார், வாயால் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது.

உன் கோபமெல்லாம் படித்தேன். அரசாங்கமே அறை கட்டி ஊசி கொடுத்து இவனை இந்த ஹெராயின் விஷத்தை ஏற்றிக்கொள்ளச் சொல்கிறதா, அவன் பெயரை என் விலாசத்தில் பதிந்தால் கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன் என்கிறாய். நானும் கொதித்தவன்தான்மா. ஆனாலும் அவனோடு அந்த அறைக்குப் போனேன், அவன் குடியிருப்புப் பதிவு இன்னும் நம் மலை ஊரில் இருக்கிறது, நகரத்தில் குடியிருப்பவருக்கு மட்டும்தான் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். விடுவேனா, அந்தச் சட்டத்தில் பாதி என்னைக் கேட்டு எழுதியது என்று ஒரு பிடி பிடித்தேன், தெருவே கூடிவிட்டது. ரெகுலா என்று ஒரு நர்ஸ், உன் வயதுதான், பெரியவரே, சட்டம் எழுதின கையோடு இவருக்கு ஒரு விலாசமும் எழுதிக் குடுங்களேன் என்றாள், வாயாடி. சரி, இவன் கை நடுங்குதே, நீயே ஊசி போட்டுவிடு என்றேன். அது மட்டும் கூடாது, சரக்கும் நாங்க தர்றதில்லை, போடுறதும் அவர்தான், சுத்தமான ஊசி தருவோம், பக்கத்துல இருப்போம், இதை விடணும்னு அவருக்கே தோணுற அன்னைக்கு டாக்டர்கிட்ட கூட்டிப்போவோம், அதுவரைக்கும் ஆள் உயிரோட இருக்கணுமே என்றாள்.  மறுநாளே போய் அவனை என் விலாசத்தில் பதிந்து, வாசல் மணிப் பொத்தானுக்குப் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே அவன் பெயரையும் ஒட்டிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை அங்கே அவனுக்கு மூச்சு நின்றுவிட்டது. உதடு நீலமாகிவிட்டதாம், ரெகுலாதான் ஆக்சிஜன் வைத்து மீட்டாள். கண் திறந்ததும் இவன், என் போதையைக் கெடுத்துட்டியே பிசாசே என்றானாம், அவளோ திட்டுங்க, திட்டுறதுக்கும் மூச்சு வேணுமில்ல என்று சிரித்தாளாம். வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு பாலாடைக்கட்டி தூக்கிக்கொண்டு போனேன், அன்பளிப்பு வாங்க மாட்டோம் என்றுவிட்டாள், வெளியே நின்றவர்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் அவன் பெயரை எடுத்தால் அந்த வாசலையும் அவனுக்குச் சாத்திவிடுவார்கள் உர்சினா. பிறகு ஸ்டேஷன் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாகத்தான். அதனால் எடுக்க மாட்டேன். நீ வந்தால் ஊரே மணக்க உருளைக்கிழங்கைத் துருவி ரோஷ்டி வார்ப்பேன், வராவிட்டாலும் உன் மேல் எனக்குக் கோபம் வராது.

கர்த்தர் உன்னைக் காப்பார், பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு. ஞாயிறு மாலைகளில் அவன் இங்கேதான் சாப்பிடுகிறான், போன் பண்ணு. நீ திட்டினாலும் பரவாயில்லை, எடுத்துப் பேசுகிறேன் என்கிறான்.

உங்கள் அம்மாவுக்குப் பிறகு உங்கள் இருவரையும் வளர்த்த,
காஸ்பர் மாமா