மல்லாத்திப் பார்த்தால் தெரியும்

சனவரி 6, திங்கள்

நண்டுக் கம்பெனியிலே வருசா வருசம் ஒரு டைரி தருவாங்க. இதுவரைக்கும் அதை வச்சு மாவுச் சட்டியைத்தான் மூடியிருக்கேன். இந்த வருசம் எழுதிப் பார்க்கலாம்னு தோணுது. வீட்டிலே பேச ஆள் குறைஞ்சுபோச்சு. மகன் ஜெர்சன் சனிக்கிழமை கப்பலேறிட்டான். மிச்சம் நானும், கல்யாணமாகி மூணு மாசமான மருமகள் ஜெனிலாவும், அவள் சீரோட கொண்டு வந்த ரெண்டு பல்லியும்.

அஞ்சாம் வகுப்போட நின்னவ நான். பிழை இருந்தா மாதா மன்னிக்கட்டும்.

சனவரி 8, புதன்

பல்லின்னு சொன்னா அவளுக்குப் பிடிக்கலை. லெப்பர்ட் கெக்கோவாம். "சுவத்திலே இருக்கதும் இதும் ஒண்ணு இல்ல அத்தை, நல்லாப் பாருங்க."

பார்த்தேன். உடம்பெல்லாம் புள்ளி, வால் மட்டும் கொழுத்த கேரட் மாதிரி. நம்ம பல்லி கண்ணைச் சிமிட்டாது. இதுக்கு இமை இருக்கு, தூங்குமூஞ்சிக் கணக்கா மெள்ளச் சிமிட்டுது. சுவர் ஏறத் தெரியாது. சகுனம் சொல்லவும் தெரியாது. "அப்ப எதுக்குளா இது பல்லியாப் பொறந்துச்சு"ன்னு கேட்டேன். அவள் சிரிக்கலை.

பேரு பிங்கி, ஷைனி. ரெண்டும் பொண்ணாம். தனித்தனிப் பெட்டி, அடியிலே சூட்டுப் பாய், ஒளிஞ்சுக்க ஒரு சிரட்டை, ஈரப்பாசி வச்ச டப்பா ஒண்ணு. எனக்குக் கல்யாணமான புதுசிலே இவ்வளவு வசதி கிடையாது.

சனவரி 11, சனி

நல்ல மனசோட கடற்கரையிலே இருந்து ஒரு வாளி மணல் அள்ளிட்டு வந்தேன், பல்லிக்குப் பரப்ப. மணலைத் தின்னா வயிறு கட்டிக்குமாம், பேப்பர்தான் விரிக்கணுமாம். திரேஸ்புரத்திலே வாழ்ந்துக்கிட்டு மணலுக்குத் தடை.

சனவரி 14, செவ்வாய்

இன்னைக்கு நான் செஞ்சது தப்புதான். எழுதி வைக்கிறேன்.

கணவாய் மீன் ஆயும்போது அதோட காலிலே ஒரு துண்டு வால் மாதிரியே சுருண்டு கிடந்துச்சு. அதைப் பிங்கி பெட்டிக்குப் பக்கத்திலே வச்சுட்டு, "ஏளா ஜெனிலா, உன் பிள்ளை வாலைப் போட்டுட்டுளா"ன்னு கத்தினேன். ஓடி வந்தா. பார்த்தா. நான் சிரிச்சேன். அவள் அழுதா. தேம்பித் தேம்பி, சின்னப்பிள்ளை மாதிரி.

சோறு வேண்டாம்னுட்டா. அவ அப்பா நாசரேத்திலே வாத்தியார், அந்த வீட்டிலே யாரும் யாரையும் இப்படி ஏய்ச்சு விளையாட மாட்டாங்க போல. எங்க வீட்டிலே பாசம்னா அதுதானே. அது அவளுக்கு எப்படித் தெரியும்?

சனவரி 16, வியாழன்

இன்னும் பேசலை.

சனவரி 19, ஞாயிறு

பேசினா. "அத்தை, தள்ளுங்க, எடை போடணும்." அது போதும்.

கண்ணாடி மாதிரி தெரியுற ஒரு டப்பாவிலே ஒவ்வொண்ணாப் போட்டுத் தூக்கினா. நான் சும்மா குனிஞ்சு அடியிலே இருந்து பார்த்தேன். பத்தொன்பது வருசம் நண்டு தரம் பிரிச்ச பழக்கம், எதைப் பார்த்தாலும் வயித்தைத்தான் பார்ப்பேன். நண்டை மல்லாத்தினா ஒரு நொடி போதும்: வயித்து மூடி ஊசியா இருந்தா ஆண், அகலமா இருந்தா பெண்.

பல்லிக்கு மூடி இல்லை. ஆனா பின்னங்காலுக்கு நடுவிலே 'வி' போட்ட மாதிரி புள்ளிப் புள்ளியா ஓட்டை, வால் தொடங்குற இடத்திலே ரெண்டு புடைப்பு. பிங்கிக்கும் இருக்கு, ஷைனிக்கும் இருக்கு. தம்பி மகள் ஜோடின்னு வாங்கின புறா ரெண்டும் ஆணாப் போச்சு, அதே கணக்கா ஏமாந்திருக்கா இவள்.

"ஏளா, ரெண்டும் ஆம்பளை."

"இன்னைக்கு ஜோக் வேண்டாம் அத்தை."

சனவரி 26, ஞாயிறு

சம்பந்தி ஏசுவடியான் சார் வந்தாரு. ஆட்டோ நிறையப் பெரிய கண்ணாடித் தொட்டி, நாலடி நீளம். ரெண்டையும் ஒண்ணா விடத்தான். பொண்ணும் பொண்ணும்னா சேர்ந்து இருக்குமாம். ஆணும் ஆணும்னா கடிச்சுக் கொன்னுரும்னு அவரேதான் சொன்னாரு. முப்பது வருசம் உயிரியல் பாடம் எடுத்தவரு.

"அண்ணாச்சி, அது ரெண்டும் ஆண்"னேன்.

விழுந்து விழுந்து சிரிச்சாரு. "மைனிக்கு எப்பவும் தமாசுதான். வித்தவன் சர்டிபிகேட் குடுத்திருக்கான் பாருங்க."

"ரெண்டு மாசக் குஞ்சிலே குடுத்த சர்டிபிகேட்டு. நண்டுக்கு யாரு சர்டிபிகேட் பார்க்கா? மல்லாத்திப் பாருங்க அண்ணாச்சி."

அதுக்கும் சிரிச்சாரு. வாழ்க்கையிலே முதல் தடவையா ஒரு விசயத்தை நிசமாச் சொல்லுதேன், நான் சொன்ன எந்தத் தமாசுக்கும் யாரும் இப்படி ரசிச்சுச் சிரிச்சது கிடையாது.

பிப்ரவரி 1, சனி

நாளைக்கு ஒண்ணா விடுதா. பனிமய மாதா மேல சத்தியம் பண்ணிப் பார்த்தேன். "எங்க சபையிலே மாதா மேல சத்தியம் கிடையாது அத்தை"ன்னுட்டா. ஜெர்சனுக்குப் போன் போட்டேன். "எம்மா, அவளைக் கொஞ்சம் விடும்மா"ங்கான். பெத்த பிள்ளை.

பிப்ரவரி 6, வியாழன்

மத்தியானம் கம்பெனியிலே இருந்து வந்தேன். தொட்டிக்குள்ளே டப் டப்னு சத்தம். பிங்கி வாலை ஆட்டிக்கிட்டுப் பாய்ஞ்சு ஷைனி கழுத்தைக் கவ்விக்கிட்டு நிக்கி. நான் உள்ளே கையை விடுறதுக்குள்ளே ஷைனி வால் தனியா விழுந்து துள்ளுது.

பிரிச்சு, கழுவின தெர்மக்கோல் பெட்டியிலே ஓட்டை போட்டு, டிஷ்யூ விரிச்சு ஷைனியை வச்சேன். ஜெனிலாவுக்குப் போன் போட்டேன்.

"ஏளா, வால் விழுந்துட்டு."

அவள் கேட்டா: "கணவாயா அத்தை?"

போட்டோ எடுத்து அனுப்பினேன். அதிலே என் பெருவிரல்தான் தெரியுது. ஆனா என்ன நினைச்சாளோ, அரை மணியிலே ஆபீசிலே இருந்து வந்துட்டா. காயத்தைப் பார்த்தா, சுத்தம் பண்ணினா. பிறகு பிங்கியை அந்த டப்பாவிலே போட்டு நாற்காலி ரெண்டுக்கும் நடுவிலே வச்சுட்டு, தரையிலே மல்லாந்து படுத்துக்கிட்டா. நானும் பக்கத்திலே படுத்தேன்.

"எங்கன அத்தை?"

"அந்தா, 'வி' மாதிரி. அதுக்குக் கீழ ரெண்டு புடைப்பு."

ரொம்ப நேரம் பார்த்தா. "நீங்க அன்னைக்கே சொன்னீங்க"ன்னா.

நான் சொன்னது சரியாப் போச்சு. சந்தோசம் வரணுமே. வரலை. அந்தக் கணவாய்த் துண்டு மட்டும் இல்லைன்னா இன்னைக்கு ஷைனிக்கு வால் இருந்திருக்கும். இதை அவள்கிட்டச் சொல்ல வாய் வரலை. இங்கன எழுதுதேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தொட்டிக்கு நடுவிலே தடுப்பு போட்டாச்சு, ஒண்ணை ஒண்ணு பார்க்க முடியாது. பிங்கி இப்ப தங்கதுரை. ஷைனி மனுவேல். மனுவேலுக்குப் புது வால் இஞ்சித் துண்டு மாதிரி முளைக்கி.

பல்லி வளர்க்கவங்க வாட்ஸாப் குரூப்பிலே ஊர் ஊராப் பல்லி வயித்துப் போட்டோ வருது. "அத்தை, இது?" "ஆண்." "இது?" "பெண்." "இது?" "இதை அனுப்பினவங்களை ஃபோனைத் தொடைக்கச் சொல்லு."

பிப்ரவரி 23, ஞாயிறு

கோயிலுக்குப் போயிட்டு வந்து சாப்பிடும்போது, முகத்தைச் சிரிக்காம வச்சுக்கிட்டுச் சொல்லுதா: "அத்தை, நான் முழுகாம இருக்கேன்."

சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிட்டு. "என்கிட்டயேவா? கணவாய்க்குக் கணவாய் சரியாப் போச்சு போ"ன்னேன். அவளும் சிரிச்சுட்டு உள்ளே போயிட்டா. தேறிட்டா.

பிப்ரவரி 24, திங்கள்

எழுத டைரியைத் திறந்தா, சனவரி பூரா சிவப்பு மை. நான் பள்ளி, பள்ளின்னு எழுதி வச்ச இடத்தையெல்லாம் பல்லின்னு திருத்தியிருக்கா. வாத்தியார் மகள்லா. அப்ப பிப்ரவரி ஆறாம் தேதி எழுதினதையும் படிச்சிருக்கா. அந்தப் பக்கத்திலே திருத்தம் ஒண்ணும் இல்லை.

வேற எங்கெல்லாம் கை வச்சிருக்காளோன்னு கடைசி வரைக்கும் புரட்டினேன். செப்டம்பர் 26. அதே சிவப்பு மை.

"டாக்டர் சொன்ன தேதி. இது கணவாய் இல்லை அத்தை. ஆணா பெண்ணான்னு மட்டும் சொல்லிராதீங்க. அதுக்குச் சட்டம் இருக்கு."

கம்பெனிக்கு லீவு சொல்லிட்டேன். கூட நண்டு பிரிக்கிற ஷெர்லி போனிலே காரணம் கேட்டா. நிசத்தைச் சொன்னேன்.

சிரிச்சுட்டு வச்சுட்டா.