நமுத்துப்போன காகிதம்

செப்டம்பர் 10, புதன், இரவு

நாளை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. பிள்ளைப்பாக்கம் ஏரியில் அள்ளிய ஆகாயத்தாமரையையும், என் வகுப்புத் தோழி ஜெனியின் மாமா மண்டபம் ஊரிலுள்ள கடற்பாசி ஆலையிலிருந்து கொண்டுவந்த சக்கையையும் அரைத்து நானும் ஜெனியும் செய்த காகிதம், மதியம் அப்பளம்போல் மொறுமொறுவென்று இருந்தது. மாலை மழைக்காற்றில் நமுத்துவிட்டது. தொட்டால் பிய்கிறது.

அம்மா நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். "உப்பு கரிக்குதுடி. சக்கைய நல்லா அலசுனியா இல்லியா?"

உப்பு ஈரத்தை இழுக்கும் என்று படித்திருந்தும் ஒரே முறைதான் அலசினேன். தண்ணீர் லாரி வரவில்லை.

"இப்ப திரும்ப அரைச்சு அலசட்டுமாம்மா?"

"கீறதே ஒரு குடம் தண்ணி. காலைல உலை வெக்கறதா, உன் காகிதத்தக் குளிப்பாட்டறதா?"

நனைத்தாலும் விடிவதற்குள் காயாது. ஜெனியிடம் இன்னும் சொல்லவில்லை. "எங்கள் காகிதம் எளிதில் கிழியாது" என்று அவள் இந்நேரம் கண்ணாடி முன் பேசிப் பழகிக்கொண்டிருப்பாள்.