யாருமற்றவர் என்று ஒரு கடிதம்

13-11-67, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. ராஜகிரிக் கோட்டை மலை கண்ணுக்குத் தெரியவில்லை. பத்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகள் முப்பத்தெட்டு, திருத்தாமல் கிடக்கின்றன.

நைனா இன்று வெளியே போய்விட்டார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் குப்பு கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்த நேரம். முன்கதவைப் பூட்ட மறந்தது நான்தான். அவள் அல்ல. மூன்றாம் பீரியடில் பியூன் வந்து கூப்பிட்டார். செட்டிக்குளத்துப் படியில், முழங்கால் தண்ணீரில் நின்றாராம். ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் கையைப் பிடித்து ஏற்றியிருக்கிறார். அவரிடமே அதட்டல்: "ஞானஸ்நானத்துக்கு நேரமாவுது, கொழந்த எங்கய்யா?"

நாற்பது வருடம் உபதேசியார் வேலை. சாமியார் வர முடியாத ஊர்களில் செபம் சொல்லி, சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றி, பிணத்துக்கு முன்னால் சிலுவை தூக்கி நடந்த மனிதர். இப்போது எழுபத்தாறு. வேட்டி நனைந்தது தெரிவதில்லை. குளத்தாலா, வேறு எதனாலா என்று மகள் எனக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் குப்பு வாசற்படியில் நின்றுகொண்டே: "டீச்சரம்மா, கோச்சிக்காதீங்க. இந்த மாசத்தோட நின்னுக்கறேன். தொண்டூர்ல பொண்ணுக்கு ஒம்போதாவது மாசம்."

"வேற யாராவது கிடைப்பாங்களா குப்பு?"

"பொம்பளயால அவர இனிமே தூக்க முடியாது. ஆம்பளய வச்சா, கண்ணாலம் ஆவாதவங்க ஊட்ல ஆம்பளைக்கு இன்னா வேலைன்னு கேப்பானுங்க. நானே கேப்பேன்."

சிரித்தாள். நானும்.

15-11-67, புதன்

மழை இல்லை. துணி காயவும் இல்லை.

பெங்களூரிலிருந்து தம்பியின் கடிதம். எட்டு வரி. வீடு சிறியது, அவன் மனைவிக்கு மூச்சிரைப்பு, பையனுக்குப் பரீட்சை. கடைசி வரி: "திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் கன்னியர் மடத்து முதியோர் இல்லம் இருக்கிறதே, நைனா எத்தனை பேரை அங்கே சேர்த்திருக்கிறார், விசாரித்தாயா அக்கா?"

கோபம் வந்தது. இதே யோசனை எனக்கு நேற்றே வந்துவிட்டது என்பதால் இன்னும் கோபம்.

இன்று கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

வாங்க வேண்டியவை: பினாயில், ரப்பர் ஷீட், சிவப்பு மை. ரேஷன் கடைக்கு நாளை.

18-11-67, சனி

முதல் பஸ். பிறகு ஒரு மைல் நடை, சேறு. பார்த்ததை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

மடத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க சிஸ்டர். கையில் சாவிக்கொத்து. "பெரியவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். "எங்க ஊர் உபதேசியார், சிஸ்டர்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? மகள் என்று சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். திருத்திக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் அவர் நடக்கத் தொடங்கிவிட்டார்.

இரண்டு வகை. பிள்ளைகள் உள்ளவர்களுக்கு அறை: மாதம் எண்பது ரூபாய், மருந்து தனி. என் சம்பளத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. யாருமில்லாதவர்களுக்கு ஹால்: பணம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று கிடையாது. "ஹால் தருமப் பணத்துல நடக்குதும்மா. பிள்ளை இருக்குன்னு தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவோம். வெளியில காத்துக்கிட்டு இருக்கிறவங்க அவ்வளவு பேர்."

அறை: வெள்ளையடித்த சுவர், உயரத்தில் ஒரு ஜன்னல், நல்ல கட்டில். தாழ்ப்பாள் வெளிப்பக்கம். உள்ளே ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் வந்ததும் போனதும் அவருக்குத் தெரியவில்லை. "இவர் பையன் தங்கமானவர். ஒரு மாசம்கூட மணியார்டர் தவறினதில்லை" என்றார் சிஸ்டர்.

"வந்து பார்ப்பாரா?"

"மணியார்டர் வரும்."

ஆண்கள் ஹால்: இருபத்திரண்டு கட்டில். மூத்திர வாடை, அதன் மேல் பினாயில் வாடை. போர்வைகள் ஒட்டுப்போட்டவை. ஒருவர் கை மட்டும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தது. புண்ணைச் சொறியாமலிருக்க என்றார்கள். ஆனால் எல்லோருக்கும் நகம் வெட்டியிருந்தது. தண்ணீர்ப் பானைகளுக்கு மூடி இருந்தது. இரண்டு பேர் ஆடுபுலி ஆட்டத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து செபமாலை. முன்னால் நின்று சொன்ன பெரியவர் போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாராம். அவருடைய கட்டில்தான் காலி. "உபதேசியார்னா ரொம்ப நல்லது. செபத்துக்கு ஆள் இல்லாம இருக்கு. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் வச்சிருக்கேன்."

அடக்கமும் அவர்கள் பொறுப்பு. பின்னால் வேலி போட்ட நிலம். சிலுவைகளில் பெயர் இல்லை, எண்.

சமையற்கட்டுத் தாழ்வாரத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கிழவி என்னையே பார்த்தாள். சிஸ்டர் உள்ளே போனதும், "நீ உபதேசியார் பொண்ணு பிலோமினா இல்ல?" லூர்தம்மா. எங்கள் ஊர். அனந்தபுரம் சந்தையில் மிளகாய் விற்பாள். இரண்டு மகன்கள்.

"உங்க நைனாதான என்ன இங்க சேத்தாரு. என் ரெண்டு பசங்களும் செத்துட்டானுங்கன்னு எழுதிக் குடுத்தாரு. உசுரோட இருக்கறவனுங்கள ஒரே வரில அடக்கம் பண்ணிட்டாரு. அந்த மதர் படிச்சுட்டு இன்னா நல்ல எழுத்துன்னாங்க."

"மகனுங்க வந்து பாக்குறாங்களா?"

"செத்தவன் எப்டி வருவான்? வந்தா என்ன வெளிய தள்ளிடுவாங்கன்னு பயம். பெரியவன் ஒருவாட்டி ஊர்க்காரன்னு சொல்லிக்கினு வந்தான். போறப்ப வாய் தவறி ஆத்தான்னுட்டான். அந்த சிஸ்டரு அப்ப அங்க இல்ல, தப்பிச்சேன். அப்பறம் வரல." கீரைத்தண்டை ஒடித்தாள். "இங்க யாருக்கும் யாரும் இல்ல. அத்தினி பேருக்கும் புள்ளைங்க இருக்குது."

நைனாவைக் கொண்டு வரப்போகிறேனா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

"ரூம்ல மட்டும் போட்டுடாத. நான்தான் சாப்பாட்டுத் தட்டு கொண்டு போறேன். அங்க இருக்கற ஆளு போன வருசம் பேசினாரு. இப்ப இல்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஒருவர் மடியில் கோழி.

19-11-67, ஞாயிறு

பூசை முடிந்து பங்குச் சாமியாரைப் பார்த்தேன். இளவயது, சுறுசுறுப்பு. எங்கள் ஊரும் இந்தப் பங்கில் சேர்ந்ததுதான். ஹாலில் சேர்க்க அவருடைய கையெழுத்து வேண்டும்.

"பொய்யில்லையா சாமி?"

"காலைல வெளியில பூட்டிட்டுப் போறீங்க. சாயந்தரம் வரைக்கும் குப்பு ஒருத்திதான். அவளும் போயிட்டா அவருக்கு யார் இருக்கா? நீங்களே சொல்லுங்க டீச்சர்."

அவர் அலமாரியிலிருந்து பழைய கட்டு ஒன்றை எடுத்தார். "உங்க நைனா காலத்து நகல் எல்லாம் இருக்கு. வாசகம் கச்சிதம். அதையே பார்த்து எழுதிக்கொண்டு வாங்க, கையெழுத்து போட்டுத் தர்றேன்."

லூர்தம்மாவின் கடிதமும் அதில் இருந்தது. "இவருடைய குமாரர் இருவரும் காலமாகிவிட்டபடியால், யாருமற்றவராகிய இவரை…" நைனாவின் கையெழுத்து அல்ல. என்னுடையது. ஒன்பது வருடத்துக்கு முன் மே மாத லீவு. அவருக்கு அப்போதே கை நடுக்கம். அவர் சொல்ல நான் எழுதியிருக்கிறேன். என்ன எழுதினேன் என்பது நினைவில் இல்லை. பாயில் மை கொட்டி அம்மா திட்டியது நினைவிருக்கிறது.

நைனாவும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்த வருடம் இரண்டு மகன்களும் கூலிக்கு வெளியூர் போய்விட்டார்கள், கிழவி பட்டினி. ஒரு வரி எழுதினால் மூன்று வேளைக் கஞ்சி. எழுதினார். அந்த ஒரு வரியே பிறகு யாரையும் உள்ளே வரவிடாது என்று யோசித்திருக்க மாட்டார். நானும் யோசிக்கவில்லை. எழுத்து கோணாமல் வருகிறதா என்று மட்டும் பார்த்திருப்பேன்.

21-11-67, செவ்வாய்

தூறல். எச்.எம். கேட்டார், அரைப்பரீட்சை வினாத்தாள் எங்கே என்று. நாளை தருகிறேன் என்றேன். நேற்றும் இதையே சொன்னேன்.

அறை என்றால்: மகள் என்று சொல்லிப் போகலாம். பெயரோடு புதைக்கலாம், ஊரில், அம்மாவுக்குப் பக்கத்தில் விட்டுவைத்த இடத்தில். பணம் எப்படியோ சமாளிக்கலாம். டியூஷன் எடுக்கலாம். ஆனால் அந்தச் சுவர்.

ஹால் என்றால்: வாடை. சண்டை. பக்கத்துக் கட்டில் இருமல். சேர்ந்து செபம் சொல்ல இருபத்தொரு பேர். நைனா வாழ்நாளில் தனியாக இருந்ததில்லை. ஆனால் நான் போக முடியாது. போனாலும் யாராகப் போவேன்?

வீட்டில் என்றால்: பூட்டு. குளம்.

அவருக்கு ஹால்தான் நல்லது. நல்லதும் பணமில்லாததும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது என்னை நானே நம்ப முடியவில்லை. ஹாலுக்கு எண்பது, அறை இலவசம் என்று இருந்திருந்தால் இதே முடிவுக்கு வந்திருப்பேனா? வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கத்தானே செய்வேன்.

சாயங்காலம் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினேன். முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம். "யாரும்மா நீ, நல்லா தேய்க்கிற" என்றார். பிறகு, துவட்டும்போது, "பிலோ, உங்கம்மா எங்க?" என்றார். செத்துப் போய் ஆறு வருடம் என்று சொல்லவில்லை. சந்தைக்குப் போயிருக்கிறாள் என்றேன். பொய் சுலபமாக வந்தது.

23-11-67, வியாழன்

கடிதம் எழுதிவிட்டேன். நகலைப் பார்த்துத்தான். "மனைவி காலமாகி, மக்கட்பேறின்றி" என்று போட்டேன். பிள்ளைகள் காலமானார்கள் என்று எழுத மனம் வரவில்லை. தம்பியும் நானும் பிறக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. சாமியார் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

குப்புவிடம் சொன்னேன். அவள் நைனாவின் நான்கு வேட்டிகளையும் எடுத்துக்கொண்டு போய்த் துவைத்தாள். "நல்லா காயலயே டீச்சரம்மா, மழையா இருக்குதே" என்று நாலு தரம் சொன்னாள்.

25-11-67, சனி

மழை விட்டிருந்தது. சட்டை போட்டு, தோளில் துண்டு போட்டு, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு மாட்டினேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். மகிழ்ச்சியாக வந்தார். வயல்களில் தண்ணீர். கண்டக்டரிடம் எந்தப் பங்கு என்று விசாரித்தார். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே "ஆறணாப் பங்கு, தாத்தா" என்றார் கண்டக்டர். நைனா யோசித்துவிட்டு, அந்த ஊருக்குப் போனதில்லை என்றார்.

மடத்துக் கேட்டைப் பார்த்ததும் நடை மாறிவிட்டது. இடம் தெரிந்துவிட்டது. துண்டைச் சரிசெய்துகொண்டார். நான் பின்னால், பெட்டியோடு.

சிஸ்டர் கடிதத்தை வாங்கி, பெரிய நோட்டைத் திறந்தார். பெயர், வயது சொன்னேன். "பிள்ளைகள்?" என்றார். கடிதத்தில் இருக்கிறதே என்று சொல்லப் பார்த்தேன்.

நைனா எழுந்து நின்றார். நாற்பது வருடக் குரல், கொஞ்சமும் நடுக்கமில்லை. "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சிஸ்டர். பாவம், நல்ல மனுசன். இவருக்கு யாரும் இல்ல. நான் ஊர்ல நல்லா விசாரிச்சுட்டேன். நீங்கதான் பாத்துக்கணும்."

பேனாவைக் கேட்டு வாங்கினார். சாட்சி போடும் இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நேரம் பிடித்தது. உபதேசியார் என்று எழுதினார். அதன் கீழே ஒரு சிறு சிலுவை.

பிறகு என் பக்கம் திரும்பி, "வேல முடிஞ்சிது. வா பிலோ, பஸ்ஸு போயிடும்" என்றார்.

சிஸ்டர் நோட்டிலிருந்து தலை தூக்கி என்னைப் பார்த்தார். நோட்டில் ஒரு கட்டத்தை நிரப்பினார். மூடினார். "ஊர்க்காரங்க மாசத்துல முதல் ஞாயிறு வந்து பார்க்கலாம்" என்றார். 'ஊர்க்காரங்க' என்பதை நிதானமாகச் சொன்னார்.

நைனாவை ஹாலுக்குக் கூட்டிப்போனார்கள். கேட்டுக்கு வரும்வரை அவர் குரல் கேட்டது: பஸ்ஸுக்கு நேரமாகிறது, பொண்ணு காத்திருக்கிறாள் என்று யாரிடமோ.

27-11-67, திங்கள்

வெயில். ராஜகிரி பளிச்சென்று. வினாத்தாள் கொடுத்துவிட்டேன். ரப்பர் ஷீட்டைக் கழுவிக் காயப்போட்டேன், எதற்கென்று தெரியவில்லை. தம்பிக்கு ஒரு கார்டு.

3-ஆம் தேதி ஞாயிறு. எடுத்துப் போக: அன்று ஈரம் காயாததால் விட்டுப்போன இரண்டு வேட்டி, பன், லூர்தம்மாவுக்குப் புகையிலை.

நைனாவை 'ஐயா' என்று கூப்பிட்டுப் பழக வேண்டும். காலையில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நாலு தரம் சரியாக வந்தது. ஐந்தாவது தரம் வாய் தவறி 'நை…'