தங்கை புனிதையான பிறகு

என் கோபக்காரத் தங்கை செசிலிக்கு,

அலுப்பாக இருக்கிறதடி. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு பஸ்ஸை ஏற்றுவதும் இறக்குவதும்தான் இன்னும் என் பிழைப்பு. வளைவுகளில் ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்துத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்த அலுப்பு அது இல்லை.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வந்தால் பஸ்ஸில் பாதிப் பேர் உன் கல்லறைக்குத்தான் வருகிறார்கள். கையில் மெழுகுதிரி, மல்லிகைச் சரம், இடுப்பில் சீக்குப் பிள்ளை. நான் உன் அண்ணன் என்று தெரியாமல், என் முதுகுக்குப் பின்னாலேயே உன் கதையைப் பேசுகிறார்கள். விஷக்காய்ச்சலில் மேல்மலைக் கிராமமான போளூரே படுத்துக் கிடந்தபோது, மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பதினெட்டு வயதுப் பெண் சிரித்த முகத்தோடு மலையேறிப் போனாளாம். எல்லாரையும் பிழைக்க வைத்துவிட்டு, அதே காய்ச்சலில் தான் போய்ச் சேர்ந்தாளாம். கோபம் என்றால் என்னவென்றே தெரியாதாம் அவளுக்கு.

யாருக்கு, உனக்கா? பேரிக்காயில் பெரிய துண்டை நான் எடுத்துக்கொண்டேன் என்று நாள்கணக்கில் என்னோடு பேசாமல் இருந்தவளுக்கா? எல்லாரும் பிழைக்கவும் இல்லை. அது உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

முதலில் வந்தவர்கள் போளூர்க்காரர்கள். உன் கையால் கஞ்சி குடித்துப் பிழைத்தவர்கள். பூண்டு அறுவடையானதும் ஒரு பிடியைக் கல்லறையில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போவார்கள். கேட்கிறவர்கள் பிறகுதான் வந்தார்கள். "திருச்சபை இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அவசரப்பட்டுப் புனிதை என்று கூப்பிடாதீர்கள்" என்று பங்குச் சாமியார் பூசையில் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

பூசை என்றதும் ஞாபகம் வருகிறது. இப்போதெல்லாம் தமிழிலேயே நடக்கிறது. லத்தீன் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்துத் தப்பித்தவளாயிற்றே நீ, இருந்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்பாய்.

அம்மாவும் உன்னிடம் கேட்கிறவர்களில் ஒருத்தி ஆகிவிட்டாள். உன் போட்டோவுக்கு முன்னால் முழந்தாளிட்டு, "செசிலித் தாயே, இந்த மூட்டு வலியத் தீத்துவிடு தாயே" என்கிறாள். பெற்றவள் மகளைத் தாயே என்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடிவதில்லை. வெளியே போய் பீடி பற்ற வைத்துக்கொள்வேன்.

போன மழைக்கு முன்னால் ஒன்று நடந்தது. பாதி மலையில், எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்துவோமே அந்த டீக்கடையில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் உன் கல்லறைக்கு வழி விசாரித்துக்கொண்டிருந்தாள். இளம்பிள்ளை வாதம். பிள்ளையின் கால்கள் ஈரத்துணிபோலத் தொங்கின. எங்கள் கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்காதே. "ஏத்தா, வழிய ஏன் ஊரெல்லாம் கேக்குற? நம்ம டிரைவரண்ணந்தான் அந்தச் செசிலியம்மா கூடப்பொறந்தவரு" என்று போட்டு உடைத்துவிட்டான்.

அவள் ஓடிவந்து பிள்ளையை என் காலடியில் கிடத்தப் போனாள்.

"நீங்க தொட்டாலே போதுஞ்சாமி."

"என்னம்மா இது, எந்திரிங்க. டாக்டருட்ட காட்டுனீங்களா?"

"மதுரையில காட்டுனோங்க. காலைக் கீறி நிமித்தலாம்ங்கறாக. இவ அப்பாவும் சரிங்கறாரு. எனக்குத்தான் ஈரக்குலை நடுங்குது. கத்திய வச்சு, பிள்ளையப் பொணமாக் கையில குடுத்துட்டா? அதான் அவுககிட்ட வந்தேன். அவுக பயமே அறியாதவுகளாமே."

என்னைப் பேச வைத்தது அந்த அலுப்புத்தான் என்று நினைக்கிறேன்.

"யாரு சொன்னா? பயந்தாம்மா. ரொம்பப் பயந்தா. போளூருக்குக் கெளம்புற அன்னைக்கு வெள்ளனே அடுப்படிக்குப் பின்னால போய் வாந்தி எடுத்தா. என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'நான் போகலண்ணே, போனா செத்துருவேன்'னு அழுதா. அப்பப் போகாதன்னேன்."

"பொறகு?"

"மூஞ்சியக் கழுவுனா. 'எங்க ஆஸ்பத்திரி வயசான சிஸ்டர் ஒத்தையிலதான போவாக'ன்னா. கை நடுங்குன நடுக்கத்துல துணிமூட்டையக்கூட முடியத் தெரியல. நாந்தான் கட்டிக் குடுத்தேன். போயிட்டா."

அவள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். வாங்கின டீயைக் குடிக்கவில்லை.

"நடுங்கிக்கிட்டேவா போனாக?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஆமா."

அவள் மேலே வந்து உன் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, சாயங்காலம் என் பஸ்ஸிலேயே இறங்கிப் போனாள்.

மழையெல்லாம் விட்டபின் ஒருநாள் வத்தலக்குண்டில் அவள் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது! காலில் இரும்புப் பட்டை மாட்டிய பூட்ஸ். ஒரு கால் இன்னும் இழுக்கத்தான் செய்கிறது. ஆனாலும் நிற்கிறது, செசிலி.

"எல்லாம் உங்க தங்கச்சி குடுத்த வரம்" என்றாள்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இன்னொரு அற்புதக் கதை கிளம்பிவிட்டதே! "வரமும் இல்ல ஒண்ணும் இல்ல. டாக்டரு பாத்த வேலைம்மா அது" என்றேன்.

"கீறுனது டாக்டருதாங்க. அந்த ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிக்கையில எனக்குக் காலு ரெண்டும் வெலவெலத்துப் போச்சு. அவுகளும் இப்படித்தான போயிருப்பாகன்னு நெனச்சுக்கிட்டேதான் உள்ள போனேன். அது யாரு குடுத்ததுங்க?"

கியரைப் போட்டு பஸ்ஸை எடுத்தேன். அது யார் கொடுத்தது என்று நீயாவது சொல்லேன்.

உனக்கு அலுக்கவில்லையா, செசிலி? போளூரில் ராப்பகலாகக் கண்விழித்துத்தானே போய்ச் சேர்ந்தாய். இங்கேயும் உன்னை ஒரு நாள் தூங்கவிடவில்லை. கல்லறைத் திருநாளில் மற்றக் கல்லறைகளில் எல்லாம் இறந்தவர்களுக்காக வேண்டுகிறார்கள். உன் கல்லறையில் மட்டும் உன்னிடம் வேண்டுகிறார்கள். சாதாரணமாகச் செத்துப்போன பெண்ணுக்குக் கிடைக்கிற ஒரு ஜெபம்கூட உனக்கு இல்லாமல் போயிற்று.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு லீவு சொல்லிவிட்டேன். கூட்டம் சேருமுன் வந்துவிடுவேன். என் தோள்வலி, அம்மாவின் மூட்டு வலி, எதையும் உன்னிடம் கேட்கமாட்டேன். உன் ஆத்துமா இளைப்பாறட்டும் என்று உனக்காக மட்டும் ஜெபித்துவிட்டுத் திரும்புவேன். இது சத்தியம்.

உன் மூட்டையைக் கட்டிக் கொடுத்த அண்ணன்,
சூசை