கிளெமென்றின் பிரியாவிடைக்குக் கட்டைக் காற்சட்டை

12.8.1997, செவ்வாய்
கந்தோரில் அறிவித்தல். 23ஆம் திகதி பெந்தோட்டைக் கடற்கரையில் கிளெமென்றுக்குப் பிரியாவிடை. மகளோடு இருக்க மெல்பேர்னுக்கே போகிறான். இருபது வருடம் என் பக்கத்து மேசை. ஆண்கள் எல்லாரும் கட்டைக் காற்சட்டையில் வரவேண்டுமாம், நலன்புரிச் சங்கத்து றமீலாவின் கட்டளை. ஐம்பத்திரண்டு வயதில் என் முழங்கால்களை உலகம் பார்க்கப் போகிறது. பாவம் உலகம்.

17.8, ஞாயிறு
காலி வீதியில் இப்றாஹிம் நானாவின் கடை. பூப்போட்டது வேண்டாம். காக்கி வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே ஆமி விசாரிக்கிறது போதும். "நீலம் எடுங்க சேர், பத்து வயசு கொறயும்." எடுத்தேன். வீட்டில் போட்டுக் காட்ட, மனைவி றஞ்சிதம் சிரித்த சிரிப்பில் மேல்மாடிக்காரர் எட்டிப் பார்த்தார்.
"கொக்குக்கு உடுப்புப் போட்ட மாதிரிக் கிடக்கு. பேசாமல் லோங்ஸைப் போட்டுக்கொண்டு போங்கோ."

22.8, வெள்ளி
முடிவு: கணுக்கால் வரை மூடுகிற லோங்ஸ். மானம் பெரிது.
கிளெமென்ற் புதுத் தொப்பியோடு பைலாப் பாட்டுக்கு இடுப்பை ஒடித்துக் காட்டினான். "அங்க போய் யாரோட மச்சான் ஆடுறது? நாளைக்கு ஆசை தீர ஆடிரணும்."

24.8, ஞாயிறு
நேற்றையதை எழுதத்தான் வேண்டும்.
லோங்ஸோடுதான் படியிறங்கினேன். பஸ் நிறைய முழங்கால்கள். நான் மட்டும் தலைமை ஆசிரியர் மாதிரி! வெட்கம் பிடித்து, திரும்ப ஓடிப்போய் மாற்றினேன். குளியலறைக்குள்ளிருந்து றஞ்சிதம் கேட்டாள்: "ஐசி எடுத்திட்டியளோ?"
"ஓம்."
தினமும் வாசலில் சொல்கிற ஓம். யோசித்தா சொல்கிறோம்? அடையாள அட்டை லோங்ஸின் பின் பொக்கற்றில், கதிரையில் தொங்கிக்கொண்டிருந்தது.
பாதி வழியில் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். அட்டை இல்லாதவன் நான் ஒருவன்தான். பெயர் நாகேந்திரம், பிறந்த இடம் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி — சந்தேகப்பட வேறென்ன வேண்டும்? றமீலா சிங்களத்தில் கெஞ்சிப் பார்த்தாள். சரிவரவில்லை. பஸ்ஸைப் போகச் சொன்னார்கள். கிளெமென்ற் ஏறவில்லை.
"நீங்க போங்க. இவனத் தனிய விட ஏலாது."
"டேய், பார்ட்டி உனக்கடா!"
"பார்ட்டி பிறகும் வைக்கலாம். ஒன்ன எங்க போய்த் தேடுறது?"
பொலிஸில் ஒரு வாங்கு. அதில் குந்தியபடி நாங்கள் இருவரும், நான்கு முழங்கால்களும். அங்கிருந்து போனில் சொல்லி, றஞ்சிதம் அட்டையைத் தேடி எடுத்து ரயிலேறி வரப் பின்னேரமாகிவிட்டது. அதுவரை நான் வாய் ஓயவில்லை. பயம். பயம் வந்தால் எனக்குப் பகிடிதான் வரும். சார்ஜன் கூடச் சிரித்தார். கிளெமென்ற் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தான்.
"நாகு, கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இரேன்."
இருபது வருடத்தில் முதல் தடவை.
திரும்பி வந்த பஸ் எங்களை ஏற்றியது. எங்களைக் கண்டதும் உள்ளே பாட்டு நின்றது. அவனுக்கென்று ஒரு துண்டு கேக் வைத்திருந்தார்கள். "நல்லாருக்கு" என்று சாப்பிட்டான்.
நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

25.8, திங்கள்
இன்னொரு நாள் வைப்போமா என்று றமீலாவைக் கேட்டேன். "திரும்ப வெளிக்கிட எல்லாருக்கும் பயம், அண்ணன்." என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

28.8, வியாழன்
இன்றும் கிளெமென்றிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தேநீர் நேரத்தில் வாய் திறந்தேன். மனேஜரின் தலையிலிருக்கும் விக்கைப் பற்றி ஏதோ பகிடி வந்தது. சீ.

4.9, வியாழன்
கிளெமென்றின் கடைசி நாள். மேசை மேசையாக வந்து கைகொடுத்தான். நான் காலையிலிருந்தே சொல்லிப் பார்த்துவைத்திருந்தேன் — "மச்சான், உன்ர நாளை நான் பழுதாக்கிப்போட்டன், மன்னிச்சுக்கொள்." இவ்வளவுதானே? சின்னப்பிள்ளை கூடச் சொல்லும்.
கை நீட்டினான். பிடித்துக்கொண்டேன்.
"கங்காருவை நான் விசாரிச்சதாச் சொல்லு" என்றேன்.
சிரித்தான். நல்ல மனுஷன். கொஞ்சம் நின்றான். பிறகு அடுத்த மேசைக்குப் போய்விட்டான்.